முடி வளர்ச்சிக்கான வைட்டமின்

மார்ச் 3

பொடிசுக்கு,

உன் மாத்திரையை உன் வீட்டில் வேறு யாரோ சாப்பிடுகிறார்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் இதைப் படி.

போன மாதம் "சீக்கிரம் தீர்ந்துவிட்டது அக்கா, கீழே கொட்டியிருக்கும்" என்று எழுதினாய். சரி என்று அடுத்த பாட்டிலை முன்கூட்டியே அனுப்பினேன். இந்த மாதமும் அதே பாட்டு. நான் காலி பாட்டில் பொறுக்கி, கைவண்டி தள்ளி, இன்றைக்குப் பாட்டிலும் மூடியும் லேபிளும் மொத்த வியாபாரம் செய்கிறவள். குடோனில் சரக்கு ஒரு தடவை குறைந்தால் அது கணக்குப் பிழை. மறுதடவையும் குறைந்தால் அங்கே ஒரு கை இருக்கிறது.

மூன்று வருஷமாக அந்த லேபிளைப் பார்த்துப் பார்த்து உனக்கே அது வைட்டமின் ஆகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். உள்ளே இருப்பது வலிப்பு மாத்திரை, பொடிசு. உனக்கு வலிப்பு உண்டு என்பது உன் புகுந்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டு, "முடி வளர்ச்சிக்கான வைட்டமின்" என்று லேபிள் ஒட்டி அனுப்புகிறேன். இந்த மாத்திரையால் உனக்கு முடி கொட்டுகிறது. கொட்டுகிற முடிக்கு வைட்டமின் சாப்பிடுகிறாள் என்றால் எவரும் நம்புவார்கள். பீரோவில் ஒளித்து வைத்தால்தான் சந்தேகம் வரும், சாப்பாட்டு மேஜைக்கு மேலே அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி வை என்று யோசனை சொன்னதும் நான்தான். அது இப்போது நம் காலையே வாரப் பார்க்கிறது.

யார் அந்தக் கை? உன் மாமியார் என்றால் தூக்கம் வரும், கை கொஞ்சம் நடுங்கும், நிறுத்தினால் சரியாகும். வயிற்றில் பிள்ளை தங்கும் வயதில் ஒருத்தி என்றால் கதை வேறு. கல்யாணத்துக்கு முன்னால் நரம்பு டாக்டர் நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாரே: "இந்த மாத்திரையில இருக்கிற வரைக்கும் குழந்தை வேணாம். ஆசை வந்தா முதல்ல எங்கிட்ட வாங்க, வேற மாத்திரைக்கு மாத்திட்டு அப்புறம் பாத்துக்கலாம். இது வயித்துக் குழந்தையோட முதுகெலும்பைச் சரியா மூட விடாது." அதனால்தானே உன் மாமியாரின் "விசேஷம் ஏதும் உண்டாம்மா" எல்லாவற்றையும் நீ சிரித்துக்கொண்டே விழுங்குகிறாய்.

போனில் பேசாதே. உங்கள் வீட்டில் போன் அடித்தால் மூன்று பேர் எழுந்து வருவார்கள். வழக்கம்போல உன் கடை முகவரிக்கே எழுதுகிறேன். நீயும் அங்கிருந்தே எழுது. வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொள்.

அக்கா


மார்ச் 9

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் பில் போடும் மேஜைக்கு அடியில் வைத்துப் படித்தேன். எதிரே குளியலறை டைல்ஸ் வாங்க வந்த தம்பதி, பச்சையா நீலமா என்று சண்டை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள், "ஏம்மா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா" என்று கேட்டார். நீ போலீஸ் உத்தியோகத்துக்குப் போயிருக்க வேண்டியவள். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட கை யாருக்கும் இல்லை. அத்தை என் டிபன் பாக்ஸை எனக்கு முன்னால் எழுந்து கட்டி வைக்கிறவர்.

உனக்கு நல்ல சேதி ஒன்று. என் நாத்தனார் உண்டாகியிருக்கிறாள். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள், எங்களுக்குள் வாடி போடிதான், உனக்குத் தெரியும். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இது. அவள் கணவர் கப்பலிலிருந்து லீவில் வந்தபோது அவர்கள் வீட்டில் மராமத்து நடந்ததால் இரண்டு பேரும் ஜனவரி முழுக்க இங்கேதான் இருந்தார்கள். அவர் கப்பலேறிய பிறகு சேதி தெரிந்தது. படுக்கையில் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதால் அத்தை அவளைத் திருப்பி அனுப்பவில்லை. வீடே நுனிக்காலில் நடக்கிறது.

பாவம், அவளுக்குத்தான் முடியவில்லை. பட்டப்பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறாள். நேற்று கையிலிருந்த கரண்டி நடுங்கித் தட்டில் விழுந்தது. என் வீட்டுக்காரர், "அக்கா தூங்கறதைப் பார்த்தா ரெட்டைப் பிள்ளைதான்" என்று கேலி செய்ய, அவள் தலையணையால் அடித்தாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி

மார்ச் 10

நேற்று அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. மேலே எழுதியதை நான் கிழிக்கவில்லை. கிழித்தால் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது உனக்குத் தெரியாமல் போய்விடும்.

இன்று காலை காபி கலக்கிற சாக்கில் சமையலறை வாசலிலேயே நின்றேன். அத்தை அலமாரியிலிருந்து என் பாட்டிலை எடுத்து, இரண்டு மாத்திரையை நாத்தனார் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்தார். என்னைப் பார்த்ததும் திருடவில்லையே என்கிற முகத்தோடு சிரித்தார்.

"உன்கிட்ட சொல்லணும்னே நெனச்சேன்மா. முடி கொட்டுதுன்னு அழுதாளா, நான்தான் ஜனவரிலேர்ந்து உன் பாட்டில்ல இருந்து குடுக்கிறேன். இன்னும் நிக்கல, அதான் இப்ப ராத்திரியும் ஒண்ணு சேத்துக் குடுக்கிறேன். நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்னு தெரியும்."

"இருக்கட்டும் அத்தை" என்றேன்.

அக்கா, ஜனவரியிலிருந்து. நான் என்ன செய்ய?

பொடிசு


மார்ச் 14

பொடிசுக்கு,

அழுகையை நிறுத்திவிட்டுப் படி. உன் கடிதம் வந்த அன்றே ஷட்டரை இறக்கிவிட்டு நரம்பு டாக்டரைப் பார்த்தேன். தெரிந்த பெண் ஒருத்தி தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டாள் என்றேன். எந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"முதுகெலும்பு மூடற வேலை, நாள் தள்ளிப் போச்சான்னு ஒரு பொண்ணு யோசிக்க ஆரம்பிக்கும்போதே முடிஞ்சிடும்மா. அங்க ஆகவேண்டியது ஆகியிருக்கும், இல்லன்னா தப்பிச்சிருக்கும். அது இப்ப நம்ம கையில இல்ல. ஆனா மாத்திரையை இன்னிக்கே நிறுத்தணும். பிறக்கிற வரைக்கும் மூளை வளந்துகிட்டேதான் இருக்கும், அதுக்கும் இது கெடுதல். அந்தப் பொண்ணுக்கு வலிப்பு இல்லைங்கிறதால பயமில்லாம நிறுத்தலாம். வலிப்பு இருக்கிறவங்க மட்டும் தானா நிறுத்திடக் கூடாது. அப்புறம், பிரசவம் பாக்கிற டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அஞ்சாவது மாச ஸ்கேன்ல முதுகை உத்துப் பாக்கச் சொல்லணும்."

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகுமா என்று கேட்டேன். ஆகாதாம். இந்த மாத்திரை போன வயிற்றில் நூற்றுக்குப் பத்துப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு பெரிய குறை வருமாம். நூறு பாட்டிலில் பத்து விரிசலோடு வந்தால் லாரியையே திருப்பி அனுப்புகிறவள் நான். இருந்தாலும் சொல்கிறேன், இப்போதைக்கு அந்தத் தொண்ணூறின் பக்கம் நிற்போம்.

டாக்டர் சொல்வது டாக்டர் வேலை. நாம் பார்க்க வேண்டியது உன் வாழ்க்கை. பெண் பார்க்க வந்த அன்று உன் மாமியார் என்னைத் தனியாக அழைத்து, "பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். அந்த ஒரு சொல்லின் மேல்தான் உன் குடித்தனம் நிற்கிறது. அதை இப்போது உருவினால் எல்லாம் சரியும்.

இந்தப் பார்சலில் இரண்டு பாட்டில் இருக்கும். அலமாரிக்கு ஒன்று: அதே பாட்டில், அதே லேபிள், உள்ளே ஃபோலிக் ஆசிட். பிள்ளைத்தாய்ச்சிக்கு டாக்டர்களே கொடுப்பது, கெடுதல் இல்லை. நிறம் மஞ்சள். கேட்டால் கம்பெனி நிறத்தை மாற்றிவிட்டது என்று சொல். பாக்கு டப்பா மாதிரி இருக்கிற சின்னது உன்னுடையது. கடையில் உன் இழுப்பறையில் வைத்துப் பூட்டு. பழைய பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டு. ஸ்கேன் வரட்டும். நல்லபடியாக வந்தால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

பாட்டிலை மாற்றிவிட்டேன். ஆனால் உன் யோசனை பலிக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நாத்தனாரைப் பிரசவ டாக்டரிடம் கூட்டிப்போக அத்தையால் முடியவில்லை, முழங்கால் வலி. நான் போனேன். குளிரூட்டிய சின்ன அறை, சுவர் முழுக்கச் சிரிக்கிற குழந்தைகள். டாக்டரம்மா நல்ல மாதிரி, எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். எங்கள் கடையில் விற்கிற டைல்ஸ்தான், ஓரத்தில் ஒன்று பெயர்ந்திருந்தது.

"பெருசா ஒண்ணுமில்ல டாக்டர். முடிக்கு ஒரு வைட்டமின். இதோ, இவளோடதுதான், என் தம்பி பொண்டாட்டி."

"வைட்டமின்தானே, இருக்கட்டும்" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். வைட்டமின் என்று எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. திறந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆட்டோவில் வரும்போது அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஏழு வருஷமா எத்தனை டாக்டர், எத்தனை ஊசி. ஒண்ணும் நடக்கல. உன் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச மாசமே தங்கிடுச்சு பாரேன். அம்மாகிட்ட கூட சொல்லல, சிரிப்பாங்க. எனக்கு அந்தப் பாட்டில்தாண்டி ராசி" என்றாள்.

மஞ்சள் மாத்திரையைக் கையில் வாங்கிய அன்று அவள் முகம் சுருங்கியது. மறுநாள் சாப்பிட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் தூக்கம் குறையவில்லை, கை நடுக்கமும் நிற்கவில்லை. நேற்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எதையோ வாயில் போட்டாள். உள்ளங்கையில் இருந்தது பழைய இளஞ்சிவப்பு மாத்திரை. என்னைப் பார்த்ததும் ஸ்கூல் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, "புதுசு எனக்குப் பிடிக்கல. பழசுல ஒரு கைப்பிடி முன்னாடியே எடுத்து வச்சிருந்தேன். தீர்ற வரைக்கும் இதையே போட்டுக்கிறேன், கோவிச்சுக்காத" என்றாள்.

வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். பழைய சரக்கு, காலாவதி ஆகியிருக்கும் என்றேன். "உங்க அக்கா அனுப்பறதாச்சே, காலாவதி ஆனதையா அனுப்புவாங்க" என்று சிரிக்கிறாள். உன் மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

பொடிசு


மார்ச் 26

பொடிசுக்கு,

எங்கே வைத்திருக்கிறாள் என்று பார். எடுத்துவிடு. அவள் குளிக்கும்போதோ தூங்கும்போதோ எடு. ஒரு கைப்பிடி மாத்திரை காணாமல் போனால் யாரும் ஊரைக் கூட்ட மாட்டார்கள். தேடுவாள், சலித்துக்கொள்வாள், மறந்துவிடுவாள். அவளோடு பேசாதே. பேசப் பேச நீதான் சிக்குவாய்.

உன் மாத்திரையை விடாமல் போடுகிறாய்தானே? இந்த மனக்கலக்கத்தில் உனக்கு வந்துவிடக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எடுத்துவிட்டேன். அவள் கைப்பையின் உள் ஜிப்புக்குள், கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். ஆறே ஆறுதான் மீதி இருந்தது. அதைக் கையில் மூடிக்கொண்டு திரும்பினால் வாசலில் அத்தை நிற்கிறார்.

என் கை இன்னும் பைக்குள் இருந்ததா வெளியே வந்துவிட்டதா என்றுகூட எனக்கு நினைவில்லை. அத்தை கதவை லேசாகச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பணம் வேணும்னா என்கிட்ட கேட்டா குடுக்க மாட்டேனாம்மா? எதுக்கு இப்படி?"

அக்கா, திருடி என்று அவர் நினைத்தது எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கே என்மேல் பயம் வந்தது. மூடிய கைக்குள் மாத்திரையின் சாயம் வியர்வையில் கரைந்து ஒட்டிக்கொண்டது. அத்தை ஒரு நோட்டை எடுத்து என் மற்றொரு கையில் திணித்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நோட்டு என் இழுப்பறையில் இருக்கிறது.

நாத்தனார் நேற்று முழுக்கத் தேடினாள். இன்று மத்தியானம் எழுந்து உட்கார்ந்து, "ராசி போயிடுச்சோன்னு பயமா இருக்குடி" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகை நின்றதும், "எந்தக் கடையில கிடைக்கும், பேர் என்ன, என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வெளிநாட்டுலேர்ந்து வாங்கி வரச் சொல்றேன்" என்கிறாள். இதை நான் எத்தனை நாள் தடுப்பேன்? தடுத்தாலும், ஸ்கேன் போடுகிற டாக்டரம்மாவுக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரியாது. அவர் வைட்டமின் என்று எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அன்றைக்குச் சொல்லப் போகிறேன். உன் பதில் வருவதற்குள் சொல்லியிருப்பேன் என்று தெரிந்தேதான் இதை இன்று தபாலில் போடுகிறேன்.

பொடிசு


ஏப்ரல் 6

பொடிசுக்கு,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. ஞாயிறு நேற்றே போய்விட்டது. ஒருவேளை உனக்கு வாய் வராமல் போயிருந்தால், இனியும் திறக்காதே. இதைக் கேள்.

பிரசவ டாக்டருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? நான் ஒரு மொட்டைக் கடிதம் போடுகிறேன். அந்தக் கர்ப்பிணி சாப்பிட்டது வைட்டமின் இல்லை, இன்ன மாத்திரை, முதுகைப் பாருங்கள் என்று. உன் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. டாக்டர் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்வார். வீட்டில் கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது.

நீ சொல்வாய், மாத்திரை பெயரைப் போட்டால் அது யாருடையது என்று தேட மாட்டார்களா என்று. தேடுவார்கள்தான். எழுதும்போதே எனக்கும் தெரிகிறது. ஆனாலும் தேடிக் கண்டுபிடிக்க நாளாகும். நாளானால் சமாளிக்க வழி பிறக்கும். நான் இப்படித்தான் இந்த வியாபாரத்தில் இவ்வளவு தூரம் வந்தேன்.

நீ சொல்லிவிட்டாய் என்றால் என்ன ஆகும் தெரியுமா? மறுநாளே பெட்டியோடு நீ என் வாசலில் நிற்பாய். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் போனாலும் நீ அங்கே திரும்பிப் போக முடியாது. உன்னை வைத்துச் சோறு போட எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் நீ மாப்பிள்ளையோடு சிரித்துப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அது கடையில் கிடைக்காது.

உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 24

பொடிசுக்கு,

நீ எழுதவில்லை. நான் உன் கடைக்கு அனுப்பிய பார்சல் பிரிக்கப்படாமலே திரும்பி வந்திருக்கிறது. மேலே யாரோ சிவப்பு மையில், வாங்க மறுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். கடைக்குப் போன் செய்தால் நீ வேலைக்கு வருகிறாய் என்கிறார்கள், லைனில் வர மாட்டாய் என்கிறார்கள். உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் தெரிகிறது.

மாத்திரைக்கு என்ன செய்கிறாய்? இரண்டு வேளை விட்டாலும் உனக்கு வரும். ரோட்டில் வந்தால் யார் பிடிப்பார்கள்? என்மேல் கோபம் இருக்கட்டும், மாத்திரையை வாங்கிக்கொண்டு கோபப்படு.

மொட்டைக் கடிதத்தை நான் எழுதவில்லை. இரண்டு தடவை உட்கார்ந்தேன். முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தன்று என் புடவைக் கொசுவத்தைக் குனிந்து சரி செய்துவிட்டவள் அவள்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாத்தனார் படித்த பிறகுதான் உறையில் போடுவேன். அப்படித்தான் பேச்சு. நீ ஒரு பதில் எழுதலாம், அதையும் அவள் படிப்பாள்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு எந்த வயதில் வலிப்பு வந்தது, பாட்டிலில் என்ன இருந்தது, யார் லேபிள் ஒட்டியது, எனக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது வரை. அத்தை கேட்டுக்கொண்டே தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கையாலதானே குடுத்தேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் கத்துவார் என்று நினைத்தேன். மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்து நான் போனபோது, "எனக்குச் சொல்லியிருக்கலாம்ல. பக்கத்துலதானே படுத்திருந்தேன். ராத்திரி வந்திருந்தா என்ன பண்ணணும்னு கூட எனக்குத் தெரியாதே" என்றார். மறுநாள் அவரே என்னை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். இப்போது மாத்திரையை அவர்தான் வாங்கி வருகிறார். அட்டையோடு, அதன் பெயரோடு. அதனால்தான் உன் பார்சலைத் திருப்பினோம். சிவப்பு மையில் எழுதியது நான்தான்.

பிரசவ டாக்டருக்கு அன்றே சொன்னோம். முன்பு வைட்டமின் என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டு மாத்திரையின் பெயரை எழுதினார். ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ஸ்கேனுக்கு வேறொரு பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். போன வியாழக்கிழமை எடுத்தோம்.

முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் ஓரிடம் மூடவில்லை அக்கா.

பெரிய டாக்டர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். மேலிருந்து ஜோடி ஜோடியாக, பல்வரிசை மாதிரி வந்த எலும்பு அந்த இடத்தில் மட்டும் விலகி விரிந்திருந்தது. பிறந்த உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தலையில் நீர் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கால்களுக்கு எவ்வளவு பலம் வரும் என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். மாத்திரையால்தானா என்று நாத்தனார் கேட்டாள். "சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா. காரணமே இல்லாம சில பிள்ளைக்கு வரும். ஆனா அந்த மாத்திரை என்ன செய்யும்னு கேட்டா, இதைத்தான் செய்யும்" என்றார். வேண்டாம் என்று முடிவெடுப்பதானால் இப்போதே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அவள் அந்தப் பேச்சை முடிக்க விடவில்லை. பெறப் போகிறாள். தாயாக முடிவு செய்தாள் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அவள் கல்போல உட்கார்ந்திருந்தது மட்டும்தான் தெரியும்.

ஆனால் விஷயம் அவள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் பேச்சை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை. ஏழு வருஷம் தரிக்காத வயிறு, தரித்ததும் குறையோடு தரித்திருக்கிறது, ரத்தத்திலேயே கோளாறு என்று அவள் மாமியார் சொல்கிறாராம். மாத்திரைக் கதை நாங்கள் ஜோடித்தது, தங்கள் மகனை ஏமாற்றுவதற்காம். கப்பலில் இருக்கிற அந்த மனிதருக்கும் அப்படியே எழுதிவிட்டார்கள். அவரிடமிருந்து போன் வந்து இரண்டு வாரம் ஆகிறது.

நீ பணம் அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எனக்கு உங்க அக்காவோட பணம் வேணாம். அவங்களை வரச் சொல்லு. என் மாமியார் மாமனார் முன்னாடி, அந்தப் பாட்டில் என்னோடது, லேபிள் நான் ஒட்டினது, இவ வயித்துல ஒரு குறையும் இல்லன்னு அவங்க வாயால சொல்லட்டும். பெரிய வியாபாரி, அவங்க சொன்னா கேப்பாங்க. அதுக்கப்புறம் இந்த வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது. நீ இங்கதான் இருப்ப, உன்ன நான் விடமாட்டேன், இந்தப் பிள்ளையைத் தூக்க எனக்கு ஒரு கை வேணும். ஆனா நீயும் உங்க அக்காவும் பாக்கக் கூடாது, பேசக் கூடாது, எழுதக் கூடாது."

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவள் சொன்ன கெடுவையும் எழுதிவிடுகிறேன். "என் பிள்ளை எழுந்து நடக்கட்டும். அன்னிக்குப் போய்ப் பாரு. நடக்கலன்னா பாக்க வேணாம்."

நான் சரி என்று சொல்லிவிட்டேன் அக்கா. உன்னைக் கேட்காமல் நான் எடுத்த இரண்டாவது முடிவு இது. நீயும் சரி என்றால் தேதி எழுது.

பொடிசு


ஜூன் 5

பொடிசுக்கும், இதைப் படிக்கப் போகிற உன் நாத்தனாருக்கும்,

அடுத்த வாரம், பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். முதல் ரயிலில் ஏறினால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். வீட்டுக்குள் வரமாட்டேன்; நேரே அந்தப் பெரியவர்கள் வீட்டுக்கே போய்விடுகிறேன், முகவரி மட்டும் எழுதி அனுப்பச் சொல்.

ஒன்றே ஒன்றைக் கேட்டுவிடலாமா என்று எனக்குள்ளேயே யோசித்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு கடிதமாவது கேள் என்றது மனசு. பிறகு, நான் விற்ற சரக்கால் ஒருவர் வீட்டில் இப்படி ஆகி, அவர்கள் கேட்பது இவ்வளவுதான் என்றால், விலையைக் குறைக்கச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

என்னிடம் பாட்டில் வாங்குகிற மருந்துக் கம்பெனிகள் இரண்டுக்கு நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லப் போவது திங்கட்கிழமை எப்படியும் அவர்கள் காதுக்குப் போகும். அதற்கு முன் என் வாயால் போகட்டும் என்று. ஒருவர் ஆர்டரை ரத்து செய்தார். மற்றவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், அதுவும் ரத்துதான். உனக்கு இதை எழுதுவது பரிதாபத்துக்காக இல்லை. அந்தப் பெரியவர்கள், இவள் சும்மா வந்து நம் முன்னால் நடிக்கிறாள் என்று சொன்னால், உன் நாத்தனார் பதில் சொல்ல ஒரு சாட்சி வேண்டும்.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். உனக்கு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவி இரும்பு கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம், நேரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். உனக்குப் பிள்ளை வேண்டுமென்று தோன்றினால் முதலில் டாக்டர், அப்புறம்தான் மற்றதெல்லாம். இனிமேல் இதைச் சொல்ல நான் இருக்கமாட்டேன், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

உன் நாத்தனாருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதினால் அதுவும் நான் எதையோ கேட்கிற மாதிரி ஆகிவிடும். அதனால் பேசி முடித்ததை மட்டும் எழுதுகிறேன். எதுவும் விட்டுப்போயிருந்தால் அவளே சேர்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு பத்து மணிக்கு அவள் மாமனார், மாமியார் முன்னால், பாட்டில், லேபிள், மாத்திரை மூன்றும் என்னுடையவை என்றும், அவள் வயிற்றில் எந்தக் குறையும் இல்லை என்றும் நான் சொல்வேன். எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போட்டுத் தருவேன். கப்பலில் இருக்கிறவருக்குப் போன் போட்டாலும் அதையே சொல்வேன். என் பணம் ஒரு காசு அந்த வீட்டுக்குள் வராது. பொடிசு அங்கேயே இருப்பாள். குழந்தை எழுந்து நடக்கும் நாள்வரை எங்களுக்குள் கடிதம் இல்லை, போன் இல்லை, பார்ப்பது இல்லை. நடக்காவிட்டால், எப்போதும் இல்லை.

சம்மதம்.

அக்கா